ஆப் தொறக்குது தம்பி, உள்ள ஒண்ணும் இல்லையே!

பவர் ஆப்ஸ்ல, அதான் பெருசா கோடு எழுதாம ஆபீஸுக்கு ஆப் செய்ற மைக்ரோசாஃப்ட் டூல்ல, ஒரு ஆப் கட்டுறது ரெண்டு நாள் வேலைதாங்க, அதை பத்து பேர் கையில கொடுக்கும்போதுதான் வம்பு ஆரம்பிக்குது. சேதராப்பட்டு பக்கம் ஒரு கம்பெனிக்கு கேட் பாஸ் ஆப் போட்டுக் கொடுத்தேன். லாரி நம்பர், டிரைவர் பேரு, உள்ள வந்த டைம், அவ்ளோதான், எல்லாம் ஒரு ஷேர்பாயிண்ட் லிஸ்ட்ல (மைக்ரோசாஃப்ட்டோட ஆன்லைன் டேபிள் மாதிரி) போய் உக்காரும். என் லேப்டாப்ல ஜோரா ஓடுச்சு. மறுநாள் காலையில 6 மணி ஷிப்ட்டுக்கு செக்யூரிட்டி அண்ணன் போன்ல தொறக்குறாரு, கலர் வந்துச்சு பட்டன் வந்துச்சு, லிஸ்ட் இருக்க வேண்டிய எடம் மட்டும் வெள்ளையா கெடக்கு. பின்னாடி மூணு லாரி ஹாரன் அடிச்சிட்டு நிக்குது.

ஆப்பை ஷேர் பண்ணா லிஸ்ட்டும் கூடவே போயிடும்னு நெனச்சேன் பாருங்க, அதான் மொத தப்பு. ஷேர்பாயிண்ட் பர்மிஷன் தனி, அங்க போய் தனியாத்தான் கொடுக்கணும். நான் ஓனர்ங்கிறதால எனக்கு எல்லாம் தெரிஞ்சுச்சு.

பதட்டத்துல அடுத்த தப்பு. எல்லாருக்கும் 'எடிட்' கொடுத்துட்டேன், அதுல லிஸ்ட்டையே அழிக்கிற உரிமையும் சேந்து வரும்னு அப்புறம்தான் பாத்தேன். என்ட்ரி போடுறவங்களுக்கு 'கான்ட்ரிபியூட்' போதும். அதுலயும் ஒண்ணு இருக்கு, ஆப்ல பட்டனை மறைச்சு வெச்சாலும் பிரவுசர்ல நேரா லிஸ்ட்டைத் தொறந்தா எல்லா வரியும் தெரியும், மறைக்கிறது பூட்டு கெடையாது. கேட் பாஸுக்கு பரவால்ல, அடுத்த ஷிப்ட் ஆளுக்கும் தெரியணும். ஆனா சம்பள அட்வான்ஸ், லீவு மாதிரி விஷயம்னா லிஸ்ட் செட்டிங்ஸ்ல அட்வான்ஸ்டு போயி அவங்கவங்க போட்டதை மட்டும் அவங்கவங்க படிக்கிற மாதிரி மாத்திடுங்க.

இது சின்ன ஊர் கதைன்னு நெனைக்காதீங்க. 2021 ஆகஸ்ட்ல அப்கார்டுன்னு ஒரு செக்யூரிட்டி கம்பெனி வெளிய சொன்னாங்க, பவர் ஆப்ஸ்ல செஞ்ச வெப்சைட்டுகள்ல, அதான் போர்ட்டல்கள்ல, டேட்டாவை யார் பாக்கலாம்னு கட்டுப்படுத்துற டேபிள் பர்மிஷனை ஆன் பண்ணாம விட்டதால கோவிட் தடுப்பூசி அப்பாயிண்ட்மென்ட் உட்பட 3 கோடியே 80 லட்சம் ரெக்கார்டு யார் வேணா பாக்குற மாதிரி நெட்ல கெடந்துச்சுன்னு. ஹேக் எல்லாம் ஒண்ணும் இல்ல, செட்டிங்தான்.

இப்ப லைசென்ஸ், பணம் போற எடம். ஆபீஸ்ல மைக்ரோசாஃப்ட் 365 இருந்தா ஷேர்பாயிண்ட் மாதிரி ஸ்டாண்டர்டு கனெக்டர் (ஆப்பை டேட்டா இருக்குற எடத்தோட இணைக்கிறது) வெச்ச ஆப் பெரும்பாலும் தனிச் செலவில்லாம ஓடும். எஸ்க்யூஎல் சர்வர், டேட்டாவெர்ஸ் மாதிரி டேட்டாபேஸ் கனெக்டர் எல்லாம் பிரீமியம், அதுக்கு தனி லைசென்ஸ். ஆப்ல ஒரு மூலையில ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் தொறக்குற ஒவ்வொருத்தருக்கும் லைசென்ஸ் வேணும், செஞ்சவனுக்கு மட்டும் இருந்தா பத்தாது. நான் டிரைவர் பேரு தேடுற ஒரு டிராப்டவுனுக்காக எஸ்க்யூஎல்லை இழுத்து விட்டிருந்தேன், என் 30 நாள் டிரையல் அதை மூடி மறைச்சிடுச்சு. பிரீமியம் ஆளுக்கு மாசம் 20 டாலர், 12 பேருக்கு 240, கேட்ட முதலாளி டீ கிளாஸை டேபிள்ல வெச்ச சத்தம் இன்னும் காதுல இருக்கு. டிரைவர் லிஸ்ட்டையும் ஷேர்பாயிண்ட்டுக்கே கொண்டாந்தேன், செலவு போச்சு. ஆப்போட டீடெய்ல்ஸ் பக்கத்துலயே பிரீமியமா ஸ்டாண்டர்டான்னு போட்டிருக்கும், நான் பாக்கல. இப்பல்லாம் அட்மின் உரிமையும் டிரையலும் இல்லாத ஒரு டெஸ்ட் லாகின்ல ஓட்டிப் பாத்துட்டுத்தான் வண்டியை எடுக்குறேன்.

ஆங், கோ-ஓனரா இன்னொருத்தரையும் போட்டு வைங்க, நீங்க வேலையை விட்டுப் போனா மாத்த ஆள் வேணும்ல.

லைசென்ஸ் மிச்சம் பிடிக்க ஒரே லாகினை எல்லாருக்கும் கொடுக்குறதும் நடக்குது. விதிப்படியே அது தப்பு, லைசென்ஸ் ஆளுக்குத்தான். அங்கயும் கொஞ்ச நாள் அப்படி ஓட்டினாங்க, ராத்திரி 2 மணிக்கு ஒரு லாரியை உள்ள விட்டது யாருன்னு கேள்வி வந்துச்சு, லாகின் பகல் ஷிப்ட் அண்ணனோடதுங்கிறதால லிஸ்ட் அவரு பேரைக் காட்டுது, அவரு அப்ப முத்தியால்பேட்டையில வீட்ல தூங்கிட்டு இருந்திருக்காரு.