வாயால் சொன்ன வேலைக்கு ஒரு வரி மெயில்

மேலாளர் வாயால் ஒரு வேலை சொன்னால், அன்றைக்கே "நீங்கள் சொன்னபடி வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடுகிறேன் சார்" என்று ஒரு வரி மெயில் போட்டுவிடுங்கள். ஓசூர் சிப்காட் கம்பெனிகளில் ஷிஃப்ட் மாறிய பிறகு "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று பேச்சு வந்தால், தேதியும் நேரமும் விழுந்த அந்த வரிதான் சாட்சி. அப்ரைசலில் உங்கள் உழைப்பை இன்னொருவர் கணக்கில் எழுதுவதும் எளிதாக இருக்காது. குறை சொல்லும் தொனி மட்டும் வேண்டவே வேண்டாம். கம்பெனி மெயிலைச் சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள், அதையே காரணம் காட்டி நடவடிக்கை எடுக்கலாம்.

பாலியல் தொல்லைக்கு இந்த வழி போதாது. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொதுவாகச் சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் கம்பெனியின் உள்ளகப் புகார்க் குழுவிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். 10 பேருக்குக் குறைவான இடமென்றால் மாவட்ட உள்ளூர்க் குழுவிடம்.