ஊரில் இருக்கும் துணைக்கு வெளிநாட்டிலிருந்து விமான டிக்கெட் எடுப்பது எப்படி

துபாயிலோ டொரொண்டோவிலோ உட்கார்ந்துகொண்டு தஞ்சாவூரில் இருக்கும் மனைவிக்கோ கணவருக்கோ டிக்கெட் எடுக்கும்போது, பணம் கட்டுபவர் ஒருவர், கவுன்ட்டரில் போய் நிற்பவர் வேறொருவர். சிக்கல்களில் பெரும்பங்கு இங்கேதான் முளைக்கிறது. இணையதளம் அதிகம் விசாரிக்காமல் டிக்கெட்டைக் கொடுத்துவிடும். கேள்விகளெல்லாம் நள்ளிரவில், திருச்சி அல்லது சென்னை செக்-இன் கவுன்ட்டரில்தான் வரும். ஆவணம் சரியில்லாத பயணியை ஏற்றிச் சென்றால் விமான நிறுவனமே அபராதம் கட்டி, அவரைத் திருப்பிக் கொண்டுவந்து விட வேண்டும். அதனால் அங்கே யாரும் இரக்கம் பார்க்க மாட்டார்கள். நீங்கள் வாங்கப்போகும் டிக்கெட்டை அந்தக் கவுன்ட்டரின் முன்னால் நிற்பவரின் இடத்திலிருந்து ஒருமுறை பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பாஸ்போர்ட்டும் விசாவும்

பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், கடைசிப் பக்கம், விசா மூன்றையும் தெளிவாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பெயரை ஃபோனில் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டாம். கல்யாணப் பத்திரிகையில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர் என்பது நம் வீடுகளில் சாதாரணம்.

பல நாடுகளுக்கு, பயண நாளிலிருந்து குறைந்தது 6 மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும். விசாவில் இருக்கும் பாஸ்போர்ட் எண்ணும் கையில் இருக்கும் பாஸ்போர்ட்டின் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். இடையில் புதுப்பித்திருந்தால் பழைய எண்ணே விசாவில் நிற்கும். அடுத்தது, எந்தத் தேதிக்குள் நாட்டுக்குள் நுழைய வேண்டும் என்பது. நுழைந்த பிறகு எத்தனை நாள் தங்கலாம் என்ற கணக்கு இதிலிருந்து தனி. அமீரகத்தில் குடும்ப விசாவுக்கான நுழைவு அனுமதி கிடைத்தால் 60 நாளுக்குள் வந்து சேர வேண்டும். கனடாவில் நிரந்தர வசிப்புரிமைக்கான உறுதிப் படிவத்தில் ஒரு கடைசித் தேதி இருக்கும். பெரும்பாலும் அது மருத்துவப் பரிசோதனையின் ஓராண்டுக் கெடுவை ஒட்டி வரும். டிக்கெட் மலிவாக இருக்கிறது என்று அந்தத் தேதியைத் தாண்டிப் பதிவு செய்தால் டிக்கெட்டோடு விசாவும் போய்விடும்.

விசா கைக்கு வருமுன் பணம் திரும்பாத டிக்கெட்டை வாங்க வேண்டாம். ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான) சுற்றுலா விசா விண்ணப்பத்துக்குப் பயண முன்பதிவு காட்டினால் போதும், முழுப் பணம் கட்டிய டிக்கெட் தேவையில்லை.

பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். (குடியேற்றச் சோதனை தேவை) என்ற குறிப்பு இருக்கலாம். வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது இவர்களுக்குக் குடியேற்ற அனுமதி வேண்டும். கணவரையோ மனைவியையோ பார்க்க விசிட் விசாவில் போனால் வேண்டாம். ஆனால் செல்லுபடியாகும் விசாவோடு திரும்பி வரும் டிக்கெட்டும் கையில் இருக்க வேண்டும். ஒருவழி டிக்கெட்டோடு போனால் குடியேற்ற அதிகாரி நிறுத்திவிடுவார்.

பெயர்

மிக அதிகமாகப் பணம் வீணாவது இங்கேதான். இந்தியப் பாஸ்போர்ட்டில் சர்நேம், கிவன் நேம் என்று இரண்டு கட்டங்கள். இன்ஷியலுக்கு இடமில்லை, விரித்துத்தான் எழுதியிருப்பார்கள். சர்நேம் கட்டத்தில் சுந்தரம், கிவன் நேம் கட்டத்தில் மீனாட்சி என்று இருந்தால் கவலையில்லை. டிக்கெட்டின் லாஸ்ட் நேம் சுந்தரம், ஃபர்ஸ்ட் நேம் மீனாட்சி. கல்யாணமாகிவிட்டதே என்று உங்கள் பெயரைக் கடைசியில் சேர்க்காதீர்கள். பாஸ்போர்ட்டில் இல்லாத பெயர் டிக்கெட்டிலும் வரக்கூடாது. எழுத்துகளைப் பாஸ்போர்ட்டின் அடியில் அம்புக்குறிகளோடு ஓடும் இரண்டு வரிகளைப் பார்த்து அப்படியே அடியுங்கள். கருவி படிப்பது அந்த வரிகளைத்தான்.

தலைவலி எப்போது என்றால், சர்நேம் காலியாக இருந்து, கவிதா ராஜேந்திரன் முழுவதும் கிவன் நேமில் கிடக்கும்போது. டிக்கெட் படிவம் லாஸ்ட் நேம் இல்லாமல் நகராது. சில நிறுவனங்கள் கடைசிச் சொல்லைப் பிரித்து லாஸ்ட் நேமில் போடச் சொல்கின்றன. சில, ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் எழுதச் சொல்கின்றன. அமெரிக்க விசாவில் பெயர் முழுவதையும் சர்நேமுக்கு மாற்றிவிட்டு, கிவன் நேம் இடத்தில் எஃப்.என்.யூ. (முதல் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சிட்டிருப்பார்கள். அங்கே போகிறவருக்கு டிக்கெட்டும் விசாவை ஒட்டி இருப்பது நல்லது. பொதுவான சூத்திரம் கிடையாது என்பதால் நீங்கள் ஏறப்போகும் நிறுவனத்தின் உதவிப் பக்கத்தைப் பார்த்தோ, சாட்டில் கேட்டோ செய்யுங்கள். சாட் பதிலைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அமீரகத்துக்கு இன்னொரு முடிச்சு. பாஸ்போர்ட்டில் மொத்தமே ஒற்றைச் சொல் பெயர்தான் என்றால், 2022 நவம்பரிலிருந்து விசிட் விசாவில் நுழைய விடுவதில்லை. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்பதாகப் பிறகு தளர்த்தினார்கள். ஒற்றைப் பெயர்க்காரர் என்றால், டிக்கெட்டுக்கு முன்பே பாஸ்போர்ட்டில் சர்நேம் சேர்த்துக்கொள்வது நீண்ட நாளைக்கு நிம்மதி.

தவறு நேர்ந்துவிட்டால்? ஓரிரு எழுத்துப் பிழையைப் பெரும்பாலான நிறுவனங்கள் திருத்தித் தரும், ஆள் மாறும் அளவுக்குப் பெயரை மாற்றித் தராது. வாங்கிய முதல் 24 மணி நேரத்துக்குள் கவனித்தால் செலவு குறைவு. அமெரிக்காவுக்குப் போகும், அங்கிருந்து கிளம்பும் விமானங்களில் பயணத்துக்கு 7 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது நிறுவனத்திடமே நேரடியாக வாங்கினால், 24 மணி நேரத்துக்குள் கட்டணமின்றி ரத்து செய்யவோ பணம் கட்டாமல் அந்த விலையை நிறுத்திவைக்கவோ வசதி தரவேண்டும் என்பது அந்நாட்டு விதி. எப்படியும் டிக்கெட் வந்த அன்றைக்கே ஊருக்கு அனுப்பி, பாஸ்போர்ட்டை விரித்து வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

எங்கிருந்து எங்கே

போக வர டிக்கெட் என்றால் கணக்கு பயணி இருக்கும் ஊரிலிருந்து தொடங்க வேண்டும். சென்னை–டொரொண்டோ–சென்னை ஒரு விலை, டொரொண்டோ–சென்னை–டொரொண்டோ வேறொரு விலை. பின்னது மலிவாகத் தெரிகிறதே, முதல் பகுதியை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் பயன்படுத்தலாமே என்று தோன்றும். நடக்காது. முதல் பகுதியில் ஏறாவிட்டால் மீதி எல்லாம் தானாக ரத்தாகிவிடும்.

நிரந்தரமாக வந்து சேர்கிறவருக்கு ஒருவழி போதும். சில பெரிய நிறுவனங்களில் ஒருவழி விலை, போக வர விலையை நெருங்கி நிற்கும் என்பதால் இரண்டையும் பார்த்துவிடுங்கள். விசிட் விசாவுக்குத் திரும்பும் டிக்கெட் இல்லாமல் போக வேண்டாம். தேதி மாற்ற அனுமதிக்கும் கட்டணத்தில் எடுப்பது அங்கே லாபம், ஏனென்றால் வந்தவர் சொன்ன தேதியில் திரும்புவது அரிது.

வளைகுடாவில் இருப்பவர்கள் திசையையும் கவனிக்கலாம். அங்கே பள்ளி விடுமுறை ஜூலை, ஆகஸ்டில். ஜூன் கடைசியில் எல்லாரும் ஊருக்குக் கிளம்புவதால் இந்தியாவிலிருந்து வளைகுடாவுக்கு வரும் இருக்கைகள் மலிவாகும். ஆகஸ்ட் கடைசியில் நிலைமை தலைகீழ். மனைவி, குழந்தைகளை வரவழைக்க ஆகஸ்ட் 25ஐத் தேர்ந்தெடுப்பவர் விலையைப் பார்த்து மலைத்துத்தான் போவார்.

கைக்குழந்தை கூட வருகிறது என்றால் வயதைத் திரும்பும் நாளுக்குக் கணக்கிடுங்கள். 2 வயது முடியும்வரைதான் மடிக் கட்டணம், அது பெரும்பாலும் பெரியவர் கட்டணத்தில் 10 சதவீதம். நடுவில் பிறந்தநாள் வந்தால் திரும்பும்போது தனி இருக்கை வாங்க வேண்டும். கர்ப்பமாக இருந்தால் 28 வாரத்துக்குப் பிறகு மருத்துவர் சான்று கேட்பார்கள். 36ஐ நெருங்கினால் ஏற்றுவதே சந்தேகம்.

வழியில் இறங்கும் இடம்

விலை குறைந்த டிக்கெட் எங்கே இறங்கி மாறுகிறது என்று பாருங்கள். அமெரிக்க விமான நிலையத்தில் மாறுவதென்றால் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா இல்லாமல் முடியாது, வெளியே போகாவிட்டாலும் அதே கதைதான். பிரிட்டனிலும் ஐரோப்பிய நாடுகள் சிலவற்றிலும் டிரான்ஸிட் விசா கேட்பார்கள். அமெரிக்க, கனடிய விசா வைத்திருப்பவர்களுக்குப் பல இடங்களில் விலக்கு உண்டு. இந்த விதிகள் அடிக்கடி மாறுவதால் அந்தந்தத் தூதரகத்தின் பக்கத்தில் வாங்கும் நாளன்றே பாருங்கள். தோஹா, துபாய், அபுதாபி வழியே ஒரே டிக்கெட்டில் சில மணி நேரம் காத்திருந்து மாறுவதற்கு விசா வேண்டாம். முதல்முறை பறப்பவரை இந்த வழியில் அனுப்புவதே எங்கள் தேர்வு.

வலைவிரித்திருப்பது செல்ஃப் டிரான்ஸ்ஃபர் என்ற வகை. இரண்டு நிறுவனங்களின் தனித்தனி டிக்கெட்டுகளை ஒட்டி ஒரே பயணம்போல் விற்பார்கள். நடுவில் இறங்கி, குடியேற்றச் சோதனை தாண்டி, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். அதற்கு அந்த நாட்டு விசாவே தேவைப்படலாம். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் போனது போனதுதான், யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். பாங்காக்கில் சுவர்ணபூமியில் இறங்கி டான் முவாங்கில் ஏறுவது, லண்டனில் ஹீத்ரோவில் இறங்கி கேட்விக்கில் ஏறுவது போன்ற நிலைய மாற்றங்களும் இந்த வகையில் வரும்.

ஒரே பி.என்.ஆர்.இல் இருந்தாலும் ஒரு மணி நேர இடைவெளி புதியவருக்குப் போதாது. 2 மணி நேரத்துக்குக் குறையாமல், 4 மணி நேரத்துக்கு மிகாமல் இருந்தால் பதற்றமில்லை. மொழி தெரியாதவர் தனியாக வருகிறார் என்றால் கூட்டிப்போய் அடுத்த வாயிலில் விடும் கட்டணச் சேவை இருக்கிறது. துபாயில் மர்ஹபா, தோஹாவில் அல் மஹா. முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்.

எடை

வட அமெரிக்க வழித்தடங்களில் பெட்டி எண்ணிக்கைக் கணக்கு: பொதுவாக ஒரு பெட்டிக்கு 23 கிலோ, கட்டண வகையைப் பொறுத்து ஒன்றோ இரண்டோ. வளைகுடாவுக்குப் பெரும்பாலும் மொத்த எடைக் கணக்கு. மிக மலிவான கட்டணத்தில் கைப்பை மட்டும்தான் அடங்கும், பெட்டிக்குத் தனிக் காசு. இட்லிப் பாத்திரம் முதல் வத்தல் வரை அடுக்கி வருகிறவருக்கு அது கட்டுப்படியாகாது. எடையை இணையத்தில் முன்பே வாங்கினால் கவுன்ட்டர் விலையைவிடக் குறைவு.

மதுரையிலிருந்து சென்னைக்கு ஒரு டிக்கெட், அங்கிருந்து வெளிநாட்டுக்கு இன்னொன்று என்று பிரித்து வாங்கினால் உள்நாட்டு விமானத்தில் 15 கிலோதான் என்று நிறுத்துவார்கள். இரண்டும் ஒரே பி.என்.ஆர்.இல் இருந்தால் வெளிநாட்டு அளவே முழுவதற்கும் செல்லும்.

பணம் கட்டுவது

கார்டு உங்களுடையது, பயணி வேறு ஆள். சில நிறுவனங்கள் மோசடித் தடுப்புக்காகக் கார்டைக் காட்டச் சொல்லும். பணம் கட்டும் பக்கத்தில் அப்படி ஒரு நிபந்தனை தெரிந்தால், உங்கள் ஊரில் உள்ள அந்த நிறுவனத்தின் அலுவலகத்திலோ வாடிக்கையாளர் எண்ணிலோ முன்பே சரிபார்ப்பை முடித்துவிடுங்கள். முடியாவிட்டால் உங்கள் கையொப்பமிட்ட அனுமதிக் கடிதமும் கார்டின் முன்பக்க நகலும் பயணியிடம் இருக்கட்டும். நகலில் நடு எண்களை மறையுங்கள். பின்பக்கத்து மூன்று இலக்கத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

இந்தியாவில் தொடங்கும் பயணத்தின் விலை ரூபாயில் வரலாம். வேற்று நாணயத்துக்கு வங்கி எடுக்கும் கூடுதல் பல கார்டுகளில் 2 முதல் 3.5 சதவீதம். உங்கள் ஊர்ப் பணத்தில் மாற்றித் தரவா என்று பணம் கட்டும் பக்கம் கேட்டால் வேண்டாம் என்பதே பெரும்பாலும் லாபம். ஊரில் இருப்பவரின் இந்தியக் கார்டைப் பயன்படுத்துவதாக இருந்தால், வெளிநாட்டு இணையப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் முதலில் திறக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2020 உத்தரவுக்குப் பிறகு அது மூடியே வரும்.

ஊர் டிராவல்ஸில் எடுத்தால் மாற்றங்களுக்கு நேரில் போய்ப் பேசலாம். ஆனால் விமான நிறுவனத்தைக் கேட்டால் ஏஜென்டிடம் போங்கள் என்பார்கள், ரீஃபண்டும் அவர் வழியாகவே வரும். ஏஜென்ட் அனுப்பிய தாளில் பி.என்.ஆர். மட்டும் இருந்தால் அது வெறும் பதிவாக இருக்கலாம். 13 இலக்க டிக்கெட் எண் வந்திருக்கிறதா என்று பாருங்கள். முதல் மூன்று இலக்கம் நிறுவனத்தின் குறி: ஏர் இந்தியா 098, எமிரேட்ஸ் 176, கத்தார் ஏர்வேஸ் 157. பிறகு நிறுவனத்தின் இணையதளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள்.

அனுப்பும் முன்

டிக்கெட்டில் பயணியின் இந்திய ஃபோன் எண்ணையும் சேருங்கள். நேரம் மாறினால் தகவல் உங்களுக்கு மட்டும் வந்து, நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கக்கூடாது. அமீரகத்துக்கு விசிட் விசா என்றால் ஓகே டு போர்டு (விசாவை முன்பே சரிபார்த்து, ஏற்றலாம் என்று பதியும் ஒப்புதல்) கேட்கும் நிறுவனங்கள் உண்டு, விசா நகலை அனுப்பி முன்பே பதிவு செய்யுங்கள்.

தேதி. சென்னையிலிருந்து வளைகுடா விமானங்கள் பல அதிகாலையில் கிளம்பும். டிக்கெட்டில் 15ஆம் தேதி 3.40 என்றால் 14ஆம் தேதி இரவு 12 மணிக்கே நிலையத்தில் இருக்க வேண்டும். 15 இரவு போய் நின்றவர்கள் எத்தனையோ பேர். “வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிட்டதும் கிளம்பணும்” என்று கிழமையோடு எழுதி அனுப்புங்கள். கவுன்ட்டர் 60 முதல் 75 நிமிடம் முன்பே மூடிவிடும்.

டிக்கெட், விசா, உங்கள் முகவரி, உங்கள் ஃபோன் எண் நான்கையும் தாளில் அச்செடுத்துக் கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள். நிலையத்தின் வாசலிலேயே டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் கேட்பார்கள், ஃபோனில் சார்ஜ் இல்லை என்பது அங்கே பதிலாகாது. கடைசி நேரத்தில் பயணம் தவறுவது உறுதியானால் விமானம் கிளம்புவதற்கு முன்பே நீங்கள் இணையத்தில் ரத்து செய்யுங்கள் அல்லது தேதியை மாற்றுங்கள். கிளம்பிய பிறகு பேசினால் நோ-ஷோ கட்டணமும் (சொல்லாமல் வராமல் போனதற்கு) சேரும், திரும்பும் பகுதியும் போகும்.