கடல் மீனுக்கு உடம்பு சரியில்லை என்று கண்டுபிடிப்பது எப்படி?

உப்புத்தண்ணீர் தொட்டி வைத்த புதிதில் நான் செய்த தப்பு, மீன் மேல் புள்ளி இருக்கிறதா என்று மட்டும் தேடியதுதான். வாங்கி வந்த ஜோடி கிளவுன் மீன்கள் நாள் முழுக்க பவர்ஹெட் (நீரோட்டம் உண்டாக்கும் சிறு பம்ப்) தள்ளும் தண்ணீருக்கு எதிரே நின்று நீந்திக்கொண்டிருந்தன. விளையாடுகின்றன என்று ரசித்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் இரண்டும் மணலில் சாய்ந்து கிடந்தன. மூச்சு முட்டும் மீன்தான் அப்படி நீரோட்டத்தைத் தேடிப் போய் நிற்கும் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

படி 1: மூச்சை எண்ணுங்கள்

மீன் நன்றாக இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். தீனி போட்ட உடனே வேண்டாம். தொட்டி முன்னால் அசையாமல் உட்கார்ந்து, செவுள் மூடி ஒரு நிமிடத்தில் எத்தனை முறை திறக்கிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். மீனுக்கு மீன் கணக்கு மாறும். உங்கள் மீனின் வழக்கமான எண் தெரிந்திருந்தால்தான், அது திடீரென்று ஏறும்போது உறைக்கும். ஒரு பக்கச் செவுள் மட்டும் அசைந்தால் செவுளில் தட்டைப்புழு இருக்கலாம்.

படி 2: விளக்கு போடும் முன் பாருங்கள்

நீல விளக்கில் பாதி அறிகுறி மறைந்துவிடும். விடியற்காலை இருட்டில் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். பிறகு தீனி போட்டு, யார் வரவில்லை என்று கவனியுங்கள். நேற்று வரை முதலில் ஓடி வந்தவன் இன்று பாறை இடுக்கில் ஒதுங்கினால் சந்தேகப்படலாம்.

படி 3: என்ன மாதிரிப் புள்ளி?

உப்புக்கல் தூவியது போல, எண்ணிவிடக்கூடிய புள்ளிகள் என்றால் வெண்புள்ளி நோய். சில நாளில் புள்ளி மறைந்தால் குணமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். ஒட்டுண்ணி உதிர்ந்து மணலிலும் பாறையிலும் ஒட்டிப் பெருகி, அடுத்த முறை படையாக வரும்.

சலித்த மாவைப் பூசியது போல மெல்லிய பொடி தெரிந்தால் அது வெல்வெட் என்ற ஒட்டுண்ணி நோய். இது முதலில் செவுளைத்தான் பிடிக்கும், தோலில் எதுவும் தெரியும் முன்பே மீன் செத்துவிடலாம். என் கிளவுன்களுக்கு வந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

கிளவுன் மீனின் மேல் தடித்த சளி படிந்து தோல் உரிவது போல இருந்தால் புரூக்கினெல்லா என்ற ஒட்டுண்ணி. வெண்புள்ளிக்கும் வெல்வெட்டுக்கும் போடும் தாமிர மருந்து இதற்கு வேலை செய்யாது, ஃபார்மலின்தான். துடுப்பில் காலிஃபிளவர் போல முடிச்சு இருந்தால் அது லிம்ஃபோசிஸ்டிஸ் என்ற வைரஸ் நோய். பெரும்பாலும் தானாகவே போய்விடும், மருந்து ஊற்றி மீனை வதைக்க வேண்டாம். ஒரு கண் மட்டும் வீங்கினால் எங்கேயோ இடித்துக்கொண்டிருக்கும். இரண்டும் வீங்கினால் உள்ளே கிருமி இருக்கலாம்.

படி 4: மருந்துக்கு முன் தண்ணீர்

எல்லா மீனும் ஒரே நேரத்தில் மேலே வந்து வாயைத் திறந்தால் முதலில் டெஸ்ட் கிட்டை எடுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். உப்புத்தண்ணீரின் ஒப்படர்த்தி 1.025, வெப்பம் 25-26 டிகிரி.

படி 5: தனித் தொட்டி

தாமிர மருந்தை அழகுத் தொட்டியில் ஊற்றவே ஊற்றாதீர்கள். இறால், நத்தை, பவளம் எல்லாம் போய்விடும், பாறையும் தாமிரத்தை உறிஞ்சிக்கொள்ளும். சிகிச்சைக்கு வெறும் கண்ணாடித் தொட்டி, ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஹீட்டர், ஒளிந்துகொள்ள இரண்டு பிவிசி குழாய்த் துண்டு போதும். வெண்புள்ளியோ வெல்வெட்டோ வந்தால், நோயாளியை மட்டுமல்ல, எல்லா மீனையும் அந்தத் தனித் தொட்டிக்கு மாற்ற வேண்டும். பெரிய தொட்டியை மீனே இல்லாமல் 76 நாள் விட்டுவைப்பது வளர்ப்பவர்களிடையே பரவலான வழக்கம். கடுப்பாகத்தான் இருக்கும்.

கடையில் யோசனை கேட்கப் போகும்போது போட்டோ வேண்டாம், அரை நிமிட வீடியோ எடுத்துப் போங்கள். செவுள் அடிக்கும் வேகம் போட்டோவில் தெரியாது.