ரிசப்ஷன் கச்சேரிக்குப் பாட்டு லிஸ்ட் போடுவது எப்படி?

மெல்லிசைக் குழு தொடங்கியாயிற்று. சொந்தக்காரர் வழியாக ஒரு கல்யாண ரிசப்ஷன் புக்கிங்கும் வந்துவிட்டது, அட்வான்ஸும் கைக்கு வந்தாயிற்று. அடுத்து நடப்பது சண்டை. கீபோர்டுக்காரருக்கு அவர் ராத்திரி பகலாக டோன் தேடி வைத்திருக்கும் பாட்டு வேண்டும். பாடகருக்குப் போட்டியில் பரிசு வாங்கித் தந்த பாட்டு. டிரம்ஸ் தம்பிக்கு எல்லாமே குத்துப் பாட்டாக இருந்தால் சரி. ஆளுக்கு ஐந்தாறு எழுதிக் கொடுக்க, அதை வரிசைப்படுத்தி லிஸ்ட் என்று ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போவோம். நாங்கள் அப்படித்தான் போனோம். எட்டேகால் மணிக்கு எங்கள் முன்னால் காலி நாற்காலிகள் இருந்தன. கூட்டம் முழுக்கப் பந்தியில்.

அன்றைக்கு விழுந்த அடியில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். மண்டபத்துக் கடிகாரத்தைப் பார்த்து லிஸ்ட் போடுங்கள். உங்களுக்குப் பிடித்த பாட்டுகளுக்கு அதற்குள் இடம் கிடைத்தால் லாபம்.

முதலில் வீட்டாரிடம் பேசுங்கள்

பாட்டைப் பற்றி எதுவும் கேட்காமல் நேரத்தைப் பற்றிக் கேளுங்கள். பொண்ணு மாப்பிள்ளை எத்தனை மணிக்கு மேடை ஏறுவார்கள்? பந்தி எப்போது ஆரம்பம்? சாப்பாட்டுக் கூடம் கீழேயா, மாடியிலா? கேக் வெட்டுவது, நண்பர்கள் ஆடுவது என்று ஏதாவது உண்டா? பெரியவர் யாராவது வாழ்த்திப் பேசப் போகிறாரா?

பெரும்பாலான ரிசப்ஷனில் கதை இப்படித்தான் ஓடும். ஆறரை மணிக்கு நெருங்கிய சொந்தக்காரர்களும் வயதானவர்களும் முன்வரிசையில் இருப்பார்கள். ஏழிலிருந்து எட்டரை வரை மொய்க் கவரோடு வரிசை நிற்கும், பாதிப் பேர் பந்திக்கும் ஹாலுக்கும் நடந்துகொண்டே இருப்பார்கள். எட்டரைக்கு மேல் வெளியூர்க்காரர்கள் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட, மாப்பிள்ளையின் நண்பர்கள் மேடைக்குப் பக்கத்தில் கூடுவார்கள். இந்த மூன்று கூட்டமும் வேறு வேறு கூட்டம். பழைய பாட்டை ஒன்பது மணிக்கு வைத்தால், அதைக் கேட்க வேண்டிய தாத்தா அந்நேரம் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார்.

வயதை வைத்தும் கொஞ்சம் கணக்குப் போடலாம். யாருக்கும் பதினைந்து இருபது வயதில் கேட்ட பாட்டு மனதை விட்டுப் போகாது. இளையராஜா படவுலகுக்கு வந்தது 1976-ல், ரஹ்மான் வந்தது 1992-ல். இன்று அறுபதைத் தொடும் மாப்பிள்ளையின் அப்பா 80-களின் தொடக்கத்தில் டேப் ரிக்கார்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவர். அவருடைய அம்மா இருந்தால் அவருக்கு எம்.எஸ்.வி. காலப் பாட்டு. ஆறரை மணிக்கு முன்வரிசையில் இருக்கப்போகிறவர்கள் இந்த இரண்டு பேரும்தான்.

எத்தனை பாட்டு வேண்டும்?

ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை 180 நிமிடம். சவுண்ட் செக் இழுத்துக்கொண்டு தொடக்கம் தாமதமாகும், அதற்கு 15 நிமிடம் கழியுங்கள். கேக், வாழ்த்துரை, மைக்கில் கார் நம்பர் அறிவிப்பு என்று இன்னொரு 15. மிச்சம் 150. ஒரு பாட்டு சராசரியாக நாலரை நிமிடம், அடுத்த பாட்டுக்கு முன் பேச்சு அரை நிமிடம், ஆக ஐந்து. முப்பது பாட்டு வருகிறது. ஒத்திகை 36 பாட்டுக்குப் பாருங்கள். அந்த ஆறு எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

கடைசி நேரத்தையும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை வெளியிடத்தில் ஒலிபெருக்கி கூடாது. மூடிய மண்டபத்துக்கு விலக்கு உண்டுதான், ஆனால் சத்தம் தெருவுக்கு வந்தால் அந்தப் பேச்சு எடுபடாது. வெட்டவெளிப் பந்தலென்றால் கேட்கவே வேண்டாம். எவ்வளவு இழுத்தாலும் 9.50-க்குள் முடிகிற மாதிரி எழுதுங்கள்.

துண்டுச் சீட்டு முறை

போனில் டைப் செய்து மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தேன், எனக்குச் சரிவரவில்லை. பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சீட்டுக்கட்டு அளவுக்கு வெட்டி, பின்பக்கம் ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டு எழுதுங்கள். பாடுபவர் பெயர், கட்டை (எந்தச் சுருதியில் பாடுகிறார் என்பது), நிமிடம் போதும். மூலையில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுங்கள்: மெதுவான பாட்டுக்குப் பச்சை, நடுத்தர வேகத்துக்கு மஞ்சள், ஆட்டத்துக்குச் சிவப்பு. எல்லாவற்றையும் தரையில் பரப்பினால் குழு மொத்தமும் சுற்றி உட்கார்ந்து பார்க்கலாம். ஆறு பச்சை வரிசையாக நின்றால் சொல்லாமலே தெரிந்துவிடும். ஃபேனை மட்டும் நிறுத்திவிடுங்கள்.

சீட்டு எழுதும்போதே பாட்டின் வரிகளை முழுக்கப் படியுங்கள். பல்லவியை மட்டும் பார்த்து ஏமாந்தவன் நான். அருமையான மெலடி, ஊருக்கே பிடித்த பாட்டு, ஆனால் இரண்டாம் சரணம் முழுக்கப் பிரிவு. அதற்கும் மேலே, படத்தில் அது நாயகி செத்த பிறகு வருகிறது. நாங்கள் பாட, முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்து வந்து, "தம்பி, கல்யாண வீட்ல இதைப் பாடலாமா?" என்று மெதுவாகக் கேட்டார். பொண்ணோட தாய்மாமாவாம். எங்களுக்கு ராகம் ஞாபகம் இருந்தது, அவருக்குக் காட்சி ஞாபகம் இருந்தது. அன்றிலிருந்து பாட்டு படத்தில் எந்த இடத்தில் வருகிறது என்பதையும் பார்த்துவிடுகிறேன்.

கட்டையும் குரலும்

புதுக் குழுக்கள் சறுக்குகிற இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஒரு கட்டை என்பது மேற்கத்திய சி, இரண்டு டி, மூன்று இ, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ, ஏழு பி. இடையில் வரும் கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. மூன்றரை என்று ஒன்று கிடையாது, மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் கறுப்புக் கட்டை இல்லையே. ஒவ்வொரு பாட்டையும் உங்கள் பாடகர் எந்தக் கட்டையில் சிரமமில்லாமல் பாடுகிறார் என்று பார்த்துச் சீட்டில் எழுதுங்கள். ரெக்கார்டில் இருக்கும் கட்டையிலேயே பாடித் தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. டூயட் என்றால் மட்டும் கவனம். ஆணுக்கு எட்டவில்லை என்று ஒரு கட்டை இறக்கினால், பெண் பாட வேண்டிய கீழ் ஸ்தாயி வரிகள் மைக்கிலேயே விழாது. இரண்டு பேருக்கும் பொருந்தாத டூயட்டை விட்டுவிடுங்கள்.

கீபோர்டில் ட்ரான்ஸ்போஸ் பட்டனைத் தட்டினால் கட்டை மாறிவிடும். தபேலாவில் அப்படி ஒரு பட்டன் கிடையாது. சுத்தியலால் தட்டி அரைக் கட்டை ஏற்றலாம், இறக்கலாம். அதற்கு மேல் என்றால் வேறு தபேலாவை எடுத்து வைக்க வேண்டும். புல்லாங்குழலும் அப்படியே, கட்டைக்கு ஒரு குழல். அதனால் தபேலா வருகிற பாட்டுகளில் ஒரே கட்டையோ பக்கத்துக் கட்டையோ உள்ளவற்றை இரண்டு மூன்றாகச் சேர்த்து வையுங்கள். தபேலாக்காரர் சுருதி சேர்க்க வேண்டுமென்றால், நடுவில் பேடு (எலக்ட்ரானிக் தாளக் கருவி) மட்டும் வாசிக்கும் பாட்டு ஒன்றைப் போடுங்கள். அவருக்கு ஐந்து நிமிடம் கிடைக்கும்.

ட்ரான்ஸ்போஸ் பட்டனாலும் ஒரு விபத்து உண்டு. போன பாட்டுக்கு இரண்டு இறக்கி வைத்ததைக் கீபோர்டுக்காரர் பூஜ்யத்துக்குக் கொண்டுவர மறந்துவிடுவார். அடுத்த பாட்டில் அவர் ஒரு கட்டையில், பேஸ் கிடார் வேறொரு கட்டையில். முதல் நாலு மாத்திரைக்குள் பாடகர் முகம் மாறுவதை ஹாலே பார்க்கும். லிஸ்டில் ட்ரான்ஸ்போஸ் எண்ணுக்கென்று தனியாக ஒரு கட்டம் போட்டால் இது நின்றுவிடும். எங்களுக்கு நின்றது.

அப்புறம் தொண்டை. ஒருவருக்குத் தொடர்ந்து இரண்டு பாட்டுக்கு மேல் கொடுக்காதீர்கள். உச்ச ஸ்தாயியில் நிற்கும் பாட்டு இரண்டை அடுத்தடுத்து வைக்காதீர்கள். ஏழு மணிக்குக் கத்தித் தீர்த்த குரல் ஒன்பது மணிக்கு வராது.

வரிசை

முதல் பாட்டு பிள்ளையார் பாட்டு என்பது வழக்கம். கிறிஸ்தவ வீடென்றால் ஒரு கிறிஸ்தவப் பாடல், முஸ்லிம் வீடென்றால் நாகூர் ஹனிபா பாடிய வகையில் ஒன்று. எதற்கும் வீட்டாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாம் பாட்டு, குழு கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிற பாட்டாக இருக்கட்டும். சவுண்ட்காரர் அப்போதுதான் அளவு பிடித்துக்கொண்டிருப்பார், கஷ்டமான பாட்டை அங்கே வைத்தால் வீண்.

ஏழு மணிவரை பழசும் மெலடியும். மொய் வரிசை நிற்கும் நேரம் நடுத்தர வேகம், சத்தமும் மட்டாக. ஆள் ஆளோடு பேச வேண்டாமா? எட்டரைக்கு மேல் சிவப்புப் பொட்டுச் சீட்டுகளை இறக்குங்கள், மூன்று குத்துக்கு ஒரு மூச்சு வாங்கும் பாட்டு என்ற கணக்கில். பொண்ணு மாப்பிள்ளை மேடை ஏறும் பாட்டு மட்டும் நேரம் தெரியாத பாட்டு. மேக்கப் முடிய முன்னே பின்னே ஆகும். அந்தச் சீட்டுக்கு எண் போடாமல் தனியாக வைத்திருந்து, வாசலில் ஆள் நிறுத்திச் சைகை வாங்குங்கள்.

ஒரே ராகத்தில் இரண்டு பாட்டு அடுத்தடுத்து வருகிறதா என்றும் பாருங்கள். மோகனத்தில் ஒன்று முடிந்து மோகனத்திலேயே இன்னொன்று தொடங்கினால், ராகம் தெரியாதவருக்கும் கேட்டதையே கேட்பது போலிருக்கும். இந்த வரிசைக் கவலை நமக்கு மட்டும் புதிதாக வந்ததில்லை. வர்ணத்தில் தொடங்கி, கீர்த்தனைகள், ராகம் தானம் பல்லவி, துக்கடா, மங்களம் என்று கர்நாடகக் கச்சேரிக்கு இன்றைய உருவத்தைக் கொடுத்தவர் என்று அரியக்குடி ராமானுஜ ஐயங்காரைச் சொல்வார்கள். அங்கேயும் கனமானது நடுவில், லேசானது கடைசியில்.

தாளில் எழுதுங்கள், இணைப்பைப் பழகுங்கள்

சீட்டுகளின் வரிசை முடிவானதும் போட்டோ எடுத்துவிட்டுப் பெரிய எழுத்தில் தாளில் இறக்குங்கள். ஒரு வரி இப்படி இருக்கும்:

14 – 80-கள் டூயட் – நாலரைக் கட்டை – ட்ரான்ஸ்போஸ் 0 – பேடு 22 – 4.30 நிமிடம் – இரண்டாம் இன்டர்லூடில் பாதி வெட்டு.

எல்லாருக்கும் ஒரு பிரதி, சவுண்ட்காரருக்கும் ஒன்று. அவருக்கு எந்தப் பாட்டில் எத்தனை மைக் திறக்க வேண்டும் என்பது தெரிந்தால் போதும். மேடையில் காற்றாடி இருக்கும், தாளை ஸ்டாண்டோடு சேர்த்துத் துணிக் கிளிப் போடுங்கள்.

கடைசி ஒத்திகையில் முழுப் பாட்டு வேண்டாம். ஒவ்வொரு பாட்டின் கடைசிப் பல்லவியை வாசித்து நிறுத்தி, டோன் மாற்றி, அடுத்ததன் தொடக்கத்தை வாசியுங்கள். போனில் நேரம் பாருங்கள். இருபது நொடிக்கு மேல் ஆகும் இடத்தில் அறிவிப்பாளர் பேச வேண்டும் என்று தாளில் குறியுங்கள். மற்ற இடத்தில் அவர் பேசாமல் இருப்பதே நல்லது.

மேடையில்

அந்த ஆறு உபரிப் பாட்டு இங்கே வேலைக்கு வரும். முன்வரிசையிலிருந்து சீட்டு வரும், சில சமயம் நூறு ரூபாய் நோட்டோடு. பழகாத பாட்டை மரியாதைக்காக எடுக்காதீர்கள். அதே காலத்துப் பாட்டு ஒன்று உபரியில் இருந்தால், "ஐயா கேட்டதற்காக" என்று சொல்லி அதைப் பாடுங்கள், பெரும்பாலும் ஐயா கோபித்துக்கொள்ள மாட்டார். உபரியில் ஒன்று மட்டும் தபேலாவும் குழலும் வைத்தே ஒப்பேற்றக்கூடியதாக இருக்கட்டும். கரன்ட் போய் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் கீபோர்டு அணைந்து மறுபடி உயிர் பெற ஒரு நிமிடமாவது ஆகும், அதுவரை ஹால் சும்மா இருக்காது.

சினிமாப் பாட்டைப் பாட உரிமைப் பணம் கட்ட வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் திருமணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களுக்கு விலக்கு தந்திருக்கிறது. டிக்கெட் போட்டு நடத்தும் நிகழ்ச்சிக்கு அது பொருந்தாது, அதற்கு ஐ.பி.ஆர்.எஸ். (பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்கள் சார்பில் உரிமைப் பணம் வசூலிக்கும் அமைப்பு) உரிமம் வேண்டும். யார் வாங்குவது என்பதை அட்வான்ஸ் வாங்கும்போதே பேசிவிடுங்கள்.

கச்சேரி முடிந்து வயரைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் பேனாவோடு உட்கார்ந்து, எந்தப் பாட்டுக்குக் கைதட்டு வந்தது, எதற்குக் கூட்டம் எழுந்து போனது, எதை நேரமில்லாமல் விட்டோம் என்று அந்தத் தாளிலேயே எழுதட்டும். பந்தி பரிமாறுகிறவர் வந்து கூப்பிட்டால் மட்டும் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டுப் போகலாம். பத்து மணிக்கு மேல் ரசம்கூட மிஞ்சாது.