திருப்பூட்டு நேரத்தில் உடைகிற படம்: பழைய கல்யாண டிவிடிகளைக் காப்பி எடுப்பவர்களுக்கு

காரைக்குடியில் ஒரு காலத்தில் கல்யாண வீடியோ எடுத்து டிவிடி போட்டுக் கொடுத்தவன் நான். இப்போது அதே டிவிடிகளைப் பென்டிரைவில் ஏற்றித் தருவதுதான் பாதி வேலை. போன மாசம் பள்ளத்தூர் ஆச்சி ஒருவர் வந்தார். திருப்பூட்டு என்றால் எங்கள் பக்கம் தாலி கட்டுவது.

"தம்பி, மகன் வந்தப்ப காப்பி எடுத்துக் குடுத்தான். சரியா திருப்பூட்டு வர்ற எடத்துல படம் கட்டங்கட்டமா நிக்குது, மேளம் மட்டும் கேக்குது. அதுக்கப்புறம் வாய் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம்."

எந்த மென்பொருளையும் திறக்கும் முன் கோளாறு வரும் நிமிஷத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மூல டிவிடியை அதே இடத்துக்கு ஓட்டிப் பாருங்கள். மூலம் சுத்தமாக ஓடினால் காப்பி எடுத்த விதத்தில் தப்பு. மூலமும் திக்கினால் தட்டில் தப்பு. காப்பி கம்ப்யூட்டரில் ஒழுங்காக ஓடி டிவியில் மட்டும் மக்கர் செய்தால் டிவியின் பிரச்சினை. இதைப் பிரிக்காமல் நாலு முறை திரும்பத் திரும்பக் காப்பி எடுப்பவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

ஆச்சியின் மூலமே திக்கியது. டிவிடி உள்வட்டத்திலிருந்து வெளியே எழுதப்படுவது. விளிம்பில்தான் முதலில் கெடும். 4.7 ஜிபி தட்டை விளிம்பு வரை அடைத்து, திருப்பூட்டைக் கடைசியில் கொண்டுபோய் வைத்தவன் நான்தான். மேலே மணமக்கள் படம் போட்ட ஸ்டிக்கர் வேறு. அது ஓரத்தில் எழும்பி, தட்டு சுழலும்போது ஆடுகிறது. அப்படி இருந்தால் பிய்க்காதீர்கள், தட்டு வளைந்து இன்னும் கெடும்.

துடைப்பதற்குப் பழைய வேட்டித் துணி போதும். நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக இழுங்கள். வட்டமாகத் தேய்க்கக் கூடாது. பதிவு சுருளாக ஓடுகிறது. குறுக்கே விழும் கீறலை டிரைவ் ஓரளவு சமாளித்துவிடும், சுருளோடு ஒட்டிப் போகும் கீறல் ஒரேயடியாக நீளமாகத் தின்றுவிடும். பற்பசை வைத்தியம் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

அடுத்து, ஃபைல்களை இழுத்துப் போடாமல் முழுத் தட்டையும் ஐஎஸ்ஓவாக, அதாவது தட்டின் அச்சு அசலான ஒரே ஃபைலாக எடுங்கள். சாதாரண காப்பி கெட்ட இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. படிக்க முடிந்ததையெல்லாம் முதலில் வாரிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். செக்டார் (ஒரு தடவையில் படிக்கும் சின்னத் துண்டு) அளவு 2048 பைட் என்று கொடுங்கள். மேப் ஃபைல் ஒன்று எழுதச் சொல்ல மறக்காதீர்கள்: எங்கெங்கே ஓட்டை என்ற கணக்கு அதில் இருக்கும். அதை வைத்து வேறொரு டிரைவில் தட்டைப் போட்டு, விட்ட இடத்தை மட்டும் மறுபடி முயலலாம். ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொன்று படிக்கும். ஆச்சியின் தட்டில் என் லேப்டாப் விட்டதில் பெரும்பகுதியை மூலையில் கிடந்த பழைய டெஸ்க்டாப் படித்துவிட்டது. விண்டோஸ்காரர்களுக்கு இதே வேலைக்கு ஐஎஸ்ஓபஸ்டர் என்ற மென்பொருள்.

ஐஎஸ்ஓ கிடைத்ததும் மேக்எம்கேவி என்ற மென்பொருளில் கொடுத்தால் தரம் குறையாமல் ஒரே ஃபைலாக வரும். டிவிடிக்குள் படம் 1 ஜிபி அளவு விஓபி என்ற ஃபைல் துண்டுகளாக இருக்கிறது, எதற்குப் பின் எது என்பதை ஐஎஃப்ஓ ஃபைல் சொல்கிறது. துண்டுகளை நாமே ஒட்டினால் சத்தம் விலகப் பெரிய வாய்ப்பு. ஐஎஃப்ஓ கெட்டிருந்தால் பக்கத்திலுள்ள பியுபி ஃபைல் அதன் நகல்தான். பெயரை மாற்றிப் பயன்படுத்தலாம்.

ஃபைல் அளவைக் குறைக்க ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருள் போதும். நம் ஊர் டிவிடி பெரும்பாலும் பால் (PAL) என்ற வீடியோ முறை, நொடிக்கு 25 ஃபிரேம். அதை 29.97 ஆக்கினால் கேமரா திரும்பும்போதெல்லாம் படம் குதிக்கும். ஆட்கள் நடக்கையில் ஓரம் சீப்புப் பல் மாதிரி தெரிந்தால் அது பழுதில்லை, ஹேண்ட்பிரேக்கில் டீஇன்டர்லேஸ் என்ற வசதியைப் போட்டால் சரி.

சத்தம் விலகினால் தொடக்கம், நடு, கடைசி மூன்றையும் பாருங்கள். எங்கும் ஒரே அளவு விலகல் என்றால் சுலபம். விஎல்சி பிளேயரில் சத்தம் முந்தினால் கே (K) விசை, பிந்தினால் ஜே (J) விசை. ஒரு அழுத்தலுக்கு 50 மில்லிசெகண்ட். சரியான எண் தெரிந்ததும் எம்கேவிடூல்நிக்ஸ் என்ற மென்பொருளில் நிரந்தரமாக மாற்றிவிடலாம். போகப்போக விலகினால் சத்தத்தைத் தள்ளிப் பயனில்லை, ஃபிரேம் கணக்கைப் பார்த்து மறுபடி மாற்றுங்கள். ஒரு இடத்திலிருந்து திடீரென்று விலகினால் அங்கே தகவல் விட்டுப்போயிருக்கிறது. அங்கேயே வெட்டி, பின்பாதியின் சத்தத்தை மட்டும் தனியாகத் தள்ளி ஒட்டுங்கள்.

டிவியில் படம் வந்து சத்தம் வராவிட்டால் ஒலியை ஏஏசி என்ற வடிவத்துக்கு மாற்றிப் பாருங்கள். சில டிவிகள் பென்டிரைவிலிருந்து, டிவிடிகளில் வரும் ஏசி-3 வடிவ ஒலியை எடுப்பதில்லை. பென்டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைல் ஏறாது.

ஆச்சியின் படத்தில் இரண்டு நொடி போனது போனதுதான். கழுத்துரு என்கிற தாலியைப் பூட்டும் கை கொஞ்சம் தாவுகிறது, அவ்வளவுதான். முழுவதையும் உட்கார்ந்து பார்த்தார். அப்புறம் பையிலிருந்து இன்னும் ஒன்பது டிவிடிகளை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்பதிலும் என் ஸ்டிக்கர்.