எஃகுத் தகட்டுக்கு ஈமேட் சென்சார்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொடாமல் சோதிக்கும் சென்சார் என்றதும், எவ்வளவு உயரத்தில் பிடித்தாலும் வேலை செய்யும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். பெரும்பாலான தொல்லை இங்கேதான் தொடங்குகிறது. ஈமேட் (EMAT) என்பது மின்காந்த முறையில் மீயொலியை எழுப்பி, தகட்டின் உள்பிளவையும் தடிமனையும் சோதிக்கும் சென்சார். அதில் காந்தமும் சுருளும் சேர்ந்து தகட்டின் மேல்தோலிலேயே மீயொலியை எழுப்புகின்றன. அதனால் ஒலியைத் தகட்டுக்குள் கடத்தத் தண்ணீரோ ஜெல்லோ தேவையில்லை. ஆனால் இடைவெளி சற்றுக் கூடினாலும் அனுப்பும்போது ஒரு முறை, வாங்கும்போது ஒரு முறை என சிக்னல் இரட்டிப்பாகச் சரியும். 1 மி.மீ.க்குள் வைப்பது நல்லது. அளவுத்திருத்தமும் அதே இடைவெளியில்தான் செய்ய வேண்டும்.

பின்சுவர் எதிரொலி (தகட்டின் மறுபக்கத்தில் பட்டுத் திரும்பும் ஒலி) குறைந்தால் உடனே லேமினேஷன், அதாவது தகட்டின் உள்ளே அடுக்காகப் பிரிந்த பிளவு, என்று எழுதிவிடாதீர்கள். தகடு நெளிந்து இடைவெளி கூடினாலும் அப்படித்தான் குறையும். 20 மி.மீ. தகட்டில் குறுக்கலையின் (துகள்கள் பக்கவாட்டில் அசையும் ஒலியலையின்) வேகம் நொடிக்குச் சுமார் 3,240 மீட்டர் என்றால், பின்சுவர் எதிரொலி ஏறக்குறைய 12.3 மைக்ரோ நொடியில் வரும். நடுவில் பிளவு இருந்தால் 6.2 அருகே புது எதிரொலி எழ வேண்டும். அது இல்லாமல் எல்லாமே சேர்ந்து அடங்கினால் முதலில் இடைவெளியைப் பாருங்கள்.

மில் ஸ்கேலும், அதாவது சூடாக உருட்டும்போது தகட்டின் மேல் உருவாகும் ஆக்சைடு படலமும், ஏமாற்றும். இறுக ஒட்டிய கருப்புப் படலம் சிக்னலைக் கூட்டிக் காட்டலாம். உரிந்து நிற்கும் படலம் குறைக்கும். எதிரொலியின் உயரத்தை மட்டும் வைத்து ஒரு தகட்டை இன்னொன்றோடு ஒப்பிடுவது வீண் வேலை.

இரைச்சலைக் குறைக்க சராசரி எடுப்பது வழக்கம். 16 முறை எடுத்தால் இரைச்சல் நான்கில் ஒரு பங்காகும். ஆனால் தகடு நொடிக்கு 1 மீட்டர் ஓடும்போது, நொடிக்கு 500 துடிப்பு வீதத்தில் 16 துடிப்புக்குள் அது 32 மி.மீ. நகர்ந்திருக்கும். சிறிய பிளவு அந்தச் சராசரியில் கரைந்துபோகும். வேகத்தைக் குறையுங்கள், அல்லது துடிப்பு வீதத்தைக் கூட்டுங்கள்.

ஒலியைக் காற்றின் வழியே அனுப்பும் காற்றுவழி சென்சாரைத் தடித்த எஃகுக்கு வாங்காதீர்கள். எஃகின் ஒலித்தடை (ஒலி கடக்க அது காட்டும் எதிர்ப்பு) காற்றைவிட ஒரு லட்சம் மடங்குக்கு மேல். ஒலி அநேகமாக முழுவதுமே மேற்பரப்பில் திரும்பிவிடும்.

சூடான தகட்டைக் குளிர்ந்த மாதிரித் துண்டில் செய்த அளவுத்திருத்தத்தை வைத்தே அளந்தால் தடிமன் கூடுதலாகக் காட்டும். 55 டிகிரி செல்சியஸ் ஏற்றத்துக்கு ஒலிவேகம் ஏறக்குறைய 1 சதவீதம் குறையும்; 20 மி.மீ.யில் அது 0.2 மி.மீ. பிழை. சாதாரண நியோடைமியம் காந்தம் 80 டிகிரிக்கு மேல் வலுவிழக்கத் தொடங்கும் என்பதால், குளிரூட்டும் வசதி இல்லாத சென்சாரைச் சூட்டுத் தகட்டின் மேல் நிறுத்தி வைக்கக் கூடாது. காந்த முகத்தில் ஒட்டும் இரும்புத் தூளை ஒவ்வொரு தகட்டுக்குப் பிறகும் ஒட்டு டேப்பால் எடுங்கள். துணியால் தேய்த்தால் தூள் சுருளின் பாதுகாப்புப் படலத்தைக் கீறிவிடும்.