முடியோரம் வெட்டுப்படாமல் பின்னணி மாற்ற

சாமத்தியவீட்டுப் படம். பிள்ளைக்குப் பின்னால் பச்சைப் பந்தல் துணி. தாய்க்கு வேண்டியதோ கல்லடிப் பாலமும் வாவியும். மட்டக்களப்பில் எனக்கு வேலை பெரும்பாலும் இப்படித்தான் வரும்.

போட்டோஷாப்பில் 'செலக்ட் சப்ஜெக்ட்' ஒரே சொடுக்கில் ஆளைப் பிரித்துவிடும். உடனே பின்னணியை அழித்துவிடாதீர்கள், லேயர் மாஸ்க் போடுங்கள்; அது படத்தை அழிக்காமல் மறைக்கும் திரை. மாஸ்க்கில் கறுப்பு பிரஷ் மறைக்கும், வெள்ளை திரும்பக் கொண்டுவரும். 200 வீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள்: ஜிமிக்கி இடுக்கில் பழைய பச்சை எட்டிப் பார்க்கும்.

பாடாய்ப் படுத்துவது தலைமுடிதான். 'செலக்ட் அண்ட் மாஸ்க்'கில் ரிஃபைன் எட்ஜ் பிரஷ்ஷை முடியோரத்தில் மட்டும் தடவுங்கள். சேலைக் கரையில் தடவினால் கறையான் அரித்தது போலாகிவிடும். மல்லிகைச் சரத்தில் பச்சை ஒட்டியிருந்தால் 'டீகன்டாமினேட் கலர்ஸ்' உதவும். அதன் அளவை நான் பாதிக்கு மேல் ஏற்றுவதில்லை. பூவின் நிறமே கெட்டுவிடும்.

புதுப் பின்னணியில் வெயில் எந்தப் பக்கம் என்று பாருங்கள். முகத்து வெளிச்சத்தோடு ஒத்துப்போகாவிட்டால் வாவிப் படத்தை இடம்வலமாகப் புரட்டலாம். ஆனால் அதில் பெயர்ப்பலகை இருந்தால் எழுத்தும் சேர்ந்து புரளும். நான் ஒருமுறை அப்படியே அச்சுக்குக் கொடுத்து, அல்பம் வீட்டுக்குப் போனபிறகுதான் கண்டேன்.